சுப்பிரமணிய சிவா: அச்சமும் ஆய்வும்

நுழையும்முன்

நாட்டு விடுதலைக்காகப் பேசியும் எழுதியும் சிறைப்பட்டும் வாழ்ந்தவர் சுப்பிரமணிய சிவா. தொழுநோய்க்கு ஆளான பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அந்நோயைப் பற்றிய அச்சம் ரயில் வண்டியின் கதவை அவருக்கு மூடியது. அவர் நடந்தே ஊர் ஊராகச் சென்றார். தோலில் தோன்றும் குறியைச் சோதித்து, உடலின் உள்நிலையை அறியும் மருத்துவம் அதே காலத்தில் பிற நாடுகளில் வளர்ந்து வந்தது. ஒருவருடைய வாழ்வையும் அவ்வாழ்வோடு தொடர்புடைய மருத்துவச் சோதனைகளின் வரலாற்றையும் இணைத்துக் காண்கிறது இப்பாடம்.

இளமை

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வத்தலக்குண்டில் 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சுப்பிரமணிய சிவா பிறந்தார். பெற்றோர் ராஜம் அய்யர், நாகம்மாள். குடும்பத்தின் வறுமை சிவாவின் கல்வியை ஓரிடத்தில் நிலைக்க விடவில்லை. மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் கோயம்புத்தூரிலும் அவர் பயின்றார். உணவுக்கு அறச்சாலைகளை நாடிய நாள்களும் உண்டு. மீனாட்சி என்னும் பெண்ணை இளம்பருவத்திலேயே மணந்தார். சிறிது காலம் சிவகாசியில் காவல்துறை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். அப்பணியில் அவருடைய மனம் பொருந்தவில்லை.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்தபோது விடுதலை உணர்வு அவரை முழுமையாக ஆட்கொண்டது. அங்கே தர்ம பரிபாலன சமாஜம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, இளைஞர்களைக் கூட்டி நாட்டுப்பற்றை ஊட்டினார். அவருடைய பேச்சு கேட்போரைக் கிளர்ந்தெழச் செய்தது. அதனைக் கண்டு அஞ்சிய திருவிதாங்கூர் அரசு, தன் எல்லையைவிட்டு நீங்குமாறு அவருக்கு ஆணையிட்டது. ஒரு வாயில் மூடப்பட்டால் வேறு வழியைத் தேடிக்கொண்டு நடக்கும் அவருடைய இயல்பு அப்போதே வெளிப்பட்டது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே அவர் தூத்துக்குடியை அடைந்தார்.

தூத்துக்குடியும் சிறையும்

தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கழகத்தை நடத்திவந்த வ.உ.சிதம்பரனார், சிவாவின் ஆற்றலை உணர்ந்து அவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்தார். கடற்கரையில் நாள்தோறும் கூட்டங்கள் நிகழ்ந்தன. 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்கு இருவரும் துணைநின்றனர். தொழிலாளர் கோரிக்கைகளுக்கு ஆலை நிருவாகம் இணங்க நேர்ந்தது. அந்த வெற்றி ஆங்கில அரசைக் கலக்கமுறச் செய்தது.

1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரச நிந்தனை வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தார். சிவாவுக்கு உடந்தையாக இருந்தார் என்பதும் வ.உ.சி. மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. திருச்சி, சேலம் சிறைகளில் அவர் கடுங்காவலை நுகர்ந்தார். 1912ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விடுதலை பெற்று வெளிவந்தபோது அவருடைய வயது இருபத்தெட்டு. அவர் உடலில் தொழுநோயின் குறிகள் தோன்றியிருந்தன.

நோயின் தோற்றம்

சிறையில் அவர் செய்யுமாறு பணிக்கப்பட்ட அருவருப்பான வேலைகளே நோய்க்குக் காரணம் என்று மக்கள் நம்பினர். சிறையில் அவர் பட்ட துன்பத்தை எண்ணிப் பிறந்தது அந்நம்பிக்கை. மருத்துவ அறிவியல் இதனைச் சற்று வேறாகக் காண்கிறது. தொழுநோய் ஒரு நுண்ணுயிரியால் உண்டாவது. எந்த வேலையும் தனியே நின்று அந்நோயைத் தோற்றுவிப்பதில்லை. நோய்வாய்ப்பட்டு மருத்துவம் பெறாதவரின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெளிப்படும் நுண்திவலைகள் வழியே, நீண்ட நாள் நெருங்கி வாழ்வோரை அக்கிருமி அடைகிறது. உடலுள் புகுந்த கிருமி நோயாக வெளிப்படச் சராசரியாக ஐந்தாண்டுகள் ஆகும். இருபது ஆண்டுகள் கடந்தும் வெளிப்படலாம்.

எனவே கிருமி எங்கே எப்போது புகுந்தது என்பதை நோயாளி அறிய இயலாது. ஆயினும் நெரிசலான இருப்பும் சத்தற்ற உணவும் ஓய்வற்ற உழைப்பும் உடலின் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்யும் என்பதில் ஐயமில்லை. சிறை இம்மூன்றையும் ஒருங்கே அளித்தது.

நோய் முற்றிய நிலையில் முகமும் கைகால்களும் உருமாறுவதைக் கண்டு மக்கள் அஞ்சினர். அக்கிருமி நரம்புகளைத் தாக்கும். நரம்பு கெட்ட இடத்தில் உணர்ச்சி அற்றுப்போகும். கல் குத்தினாலும் சூடு பட்டாலும் வலி தெரியாது. வலி இன்மையால் காயத்தைக் கவனியாது விடுவர்; காயம் புண்ணாகும்; புண் ஆழ்ந்து விரல்களைச் சிதைக்கும். சுதந்திர இந்தியாவின் தொடக்க ஆண்டுகளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட் இவ்வுண்மையை ஆராய்ந்து தெளிவுபடுத்தினார். முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்தார்.

எழுத்துப் பணி

நோய் தோன்றிய பின் சிவா முடங்கிவிடவில்லை. சென்னையில் குடியேறி 1913இல் ஞானபாநு என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பாரதியார் உள்ளிட்டோரின் எழுத்துகள் அதில் இடம்பெற்றன. பிறமொழிச் சொற்கள் மலிந்திருந்த அக்காலத் தமிழ் உரைநடையைக் கண்டு வருந்தி, தனித்தமிழில் எழுதுவோருக்குப் பரிசு அளிப்பதாக அவ்விதழ் வழியே அறிவித்தார். பின்னர்ப் பிரபஞ்ச மித்திரன் என்னும் இதழையும் நடத்தினார். இராமானுஜ விஜயம், மோட்ச ரகசியம் முதலிய நூல்களை எழுதினார். 1915இல் மனைவி மீனாட்சி மறைந்தார். துணையை இழந்த நிலையிலும் நோய் வளர்ந்த நிலையிலும் அவர் பொதுவாழ்விலிருந்து விலகவில்லை. காவியுடை உடுத்துச் சுதந்திரானந்தர் என்னும் பெயரையும் சூடினார்.

மூடப்பட்ட கதவு

தொழுநோய்க்கு ஆளானோரை அன்றைய சட்டங்கள் எவ்வாறு நடத்தின என்பதை அறிந்தால்தான் சிவா நடந்த நடையின் பொருள் விளங்கும். தொற்றுநோய் உடையோரை ஏற்றிச்செல்ல மறுக்கும் உரிமையை 1890ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டம் ரயில் நிருவாகங்களுக்கு அளித்திருந்தது. அதன்பின் 1898இல் தொழுநோயாளர் சட்டம் பிறந்தது. ஆதரவற்ற தொழுநோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கவும், பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீராடுவதைத் தடுக்கவும், உணவுப்பொருள் விற்பதை விலக்கவும், வாடகை வண்டிகளில் ஏறுவதைத் தடைசெய்யவும் அது வழிவகுத்தது.

அச்சட்டம் தொழுநோயாளர் என்பதற்குத் தந்த வரையறை கவனிக்கத்தக்கது. உடலில் புண் தோன்றத் தொடங்கியவரையே அது தொழுநோயாளர் எனக் கருதியது. 1920இல் செய்யப்பட்ட திருத்தம் அவ்வரையறையை விரித்து, எவ்வகைத் தொழுநோய்க்கு ஆளானவரையும் அதனுள் அடக்கியது. முதலில் சட்டத்தின் கண் புண்ணின்மேல் நின்றது. பின்னர் நோயின் பெயர்மேல் நின்றது. ஒருவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவுமா என்னும் வினாவை அது இருமுறையும் எழுப்பவில்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. உணர்ச்சியற்ற பாதத்தில் புண்ணோடு திரியும் ஒருவரின் உடலில் கிருமிகள் மிகச் சிலவாகவே இருக்கக்கூடும். அவரால் பிறருக்கு ஏதம் அரிது. கிருமிகள் பெருகிய மற்றொருவரின் உடலில் தொடக்கத்தில் புண்ணே இராது, தோல் சற்று மினுங்கித் தடித்திருக்கும், அவ்வளவே. அவரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு மிகுதி. புண்ணைப் பார்த்து அஞ்சியோர் முன்னவரை விரட்டினர். பின்னவரோடு அச்சமின்றிப் பழகினர்.

ஆங்கில அரசு சிவாவின் நோயைக் காரணமாகக் காட்டி ரயிலில் செல்ல அவருக்குத் தடை விதித்தது. ஊர்களை இணைக்கும் வண்டி மூடப்பட்டால் மேடைப் பேச்சாளரின் வாய் தானே மூடும் என்று அரசு கருதியிருக்கலாம். சிவா கட்டைவண்டியில் சென்றார். வண்டி கிடைக்காத இடங்களில் கால்நடையாகச் சென்றார். நோயுற்ற பாதங்களோடு நெடுவழி நடப்பது எத்துணைக் கொடிது என்பதைத் தொழுநோய் மருத்துவம் அறிந்தோர் நன்குணர்வர். உணர்வற்ற பாதத்துக்கு ஓய்வே முதல் மருந்து. அம்மருந்தை அவர் ஒருநாளும் உண்ணவில்லை.

மருத்துவம் எழுப்பிய வினா

சட்டம் எழுப்பாத வினாவை மருத்துவம் அப்போதே எழுப்பியிருந்தது. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் என்னும் மருத்துவர் 1873இல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். முன்வினையின் பயன் என்றும் பரம்பரைப் பிணி என்றும் கருதப்பட்ட நோய்க்கு உயிருள்ள காரணம் ஒன்று உண்டு என்பது அன்று புலனாயிற்று. பின்னர்த் தோலில் சிறிது கீறி, கசியும் நீரைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காணும் முறை வளர்ந்தது. செந்நிறக் குச்சிகளைப் போலக் கிருமிகள் தோன்றினால் அவற்றின் அளவைக் கணக்கிடலாம். கிருமி மிக்கவர் யார், குறைந்தவர் யார் என்பதை அச்சோதனை வேறுபடுத்திக் காட்டும்.

அடுத்து மற்றொரு வினா எழுந்தது. ஒரே கிருமி ஒருவருக்குச் சிறு தேமலோடு நின்றுவிட, மற்றொருவரின் உடல் முழுவதும் பரவுவது ஏன்? ஜப்பானிய மருத்துவர் மிட்சுதா 1919இல் இதற்கு விடை காண உதவும் சோதனை ஒன்றை விளக்கினார். தொழுநோய்க் கட்டியிலிருந்து எடுத்துக் கொதிக்கவைத்த, உயிரற்ற கிருமிகள் அடங்கிய சாற்றினை முன்கையின் தோலுள் சிறிதளவு செலுத்துவர். இதற்கு லெப்ரோமின் சோதனை என்று பெயர். மூன்று அல்லது நான்கு வாரங்கள் கழித்து அவ்விடத்தில் சிறு முடிச்சு எழுந்தால் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் அவ்வுடலுக்கு உண்டு எனக் கொள்வர். எதுவும் எழாவிடில் அவ்வுடல் கிருமியை எதிர்க்க எழவில்லை எனக் கொள்வர். கொல்கத்தாவில் ஆய்வு செய்த இந்திய மருத்துவர் தர்மேந்திரா 1940களில் அச்சாற்றைத் தூய்மைப்படுத்தித் தம் பெயரால் வழங்கும் மருந்தினை உருவாக்கினார்.

இச்சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. நோயில்லாத பலருடைய கையிலும் முடிச்சு எழும். கடுமையான வகைத் தொழுநோய் கொண்டவரின் கையில் எதுவும் எழாது. ஆதலால் இச்சோதனையைக் கொண்டு ஒருவருக்குத் தொழுநோய் உண்டு என்றோ இல்லை என்றோ கூற இயலாது. நோய் உறுதியான பின், உடல் எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்பதை மட்டுமே அது கூறும். ஒரு சோதனை எந்த வினாவுக்கு விடை தருகிறது என்பதை அறியாமல் முடிவைப் படித்தால் பிழை நேரும்.

ஒவ்வாமையின் உறவு

லெப்ரோமின் சோதனைக்கு முன்னோடியாக ஒரு கருத்து ஐரோப்பாவில் பிறந்திருந்தது. வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் அலர்ஜி என்னும் சொல்லைப் படைத்தார். கிரேக்க மொழியில் அது மாறுபட்ட செயல் எனப் பொருள்படும். ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல், மறுமுறை சந்திக்கும்போது முன்னிலும் வேறாக நடந்துகொள்கிறது என்பதே அவர் கண்ட உண்மை. மறுஆண்டே காசநோய்க் கிருமியின் சாற்றைத் தோலில் கீறித் தடவி, காசநோய்த் தொற்றை அறியும் சோதனையை வகுத்தார். தோல் உடலின் உள்நிலையைச் சொல்லும் சாட்சி ஆயிற்று. அலர்ஜி என்பதை நாம் ஒவ்வாமை என்கிறோம்.

ஒவ்வாமையை அறியும் சோதனைகளும் இவ்வழியில் அமைந்தவையே. தும்மலும் மூச்சிரைப்பும் உடையவரின் முன்கையில் தூசிப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை முதலியவற்றின் சாறுகளைத் துளித்துளியாக இட்டு, ஒவ்வொரு துளியின் வழியேயும் தோலை மெல்லக் குத்துவர். பதினைந்து முதல் இருபது நிமிடத்துள் கொசுக்கடி போன்ற தடிப்பு எழுகிறதா என்று காண்பர். உப்புநீர்த் துளி ஒன்றும் ஹிஸ்டமின் துளி ஒன்றும் உடன் இடப்படும். முன்னது தடிக்கக் கூடாது. பின்னது தடிக்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக அமைந்தால்தான் ஏனைய துளிகளின் விடையை நம்பலாம். ஒவ்வாமைக்குரிய மாத்திரைகளை உண்டவரின் தோல் தடிக்காது போகலாம் என்பதால், மருத்துவர் கூறியபடி சில நாள் முன்னரே அவற்றை நிறுத்த வேண்டும்.

தோலில் பட்டுத் தினவு உண்டாக்கும் பொருள்களை அறிய வேறொரு முறை உண்டு. ஐயத்துக்குரிய பொருளை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து நீக்கிக் காண்பர். மேலும் ஓரிரு நாள் கழித்து மீண்டும் காண்பர். தமிழகத்தின் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் மண்டியிருக்கும் பார்த்தீனியம் செடியால் உண்டாகும் தோலழற்சி இம்முறையில் கண்டறியப்படுகிறது. பல ஆண்டுகள் அச்செடியோடு புழங்கியவரின் முகத்தோல் கறுத்துத் தடித்துப்போவது உண்டு. அறியாதோர் அதனைத் தொழுநோய் என்று கருதி ஒதுங்கவும் கூடும். செடியால் வந்த அழற்சி எது, கிருமியால் வந்த நோய் எது என்பதைப் பிரித்துக் காட்டுவது சோதனையே.

ஒவ்வாமையில் உடல் தீங்கற்ற தூசியைப் பகையெனக் கருதிப் பெரும்போர் தொடுக்கிறது. கடுமையான தொழுநோயில் உண்மையான பகை உட்புகுந்தும் உடல் வாளாவிருக்கிறது. இரண்டும் எதிர்ப்பாற்றலின் பிறழ்ச்சிகள். ஒவ்வாமைச் சோதனையிலும் தடிப்பு எழுந்த பொருள்கள் எல்லாம் நோய்க்குக் காரணம் ஆகிவிடா. அப்பொருளைத் தொடும்போதோ உண்ணும்போதோ உண்மையில் துன்பம் உண்டாகிறதா என்பதையும் கேட்டறிந்தே மருத்துவர் முடிவு செய்வார்.

தெரிந்து தெளிவோம்

தோல் குத்துச் சோதனை: மகரந்தம், தூசி முதலியவற்றுக்கு உடனடி ஒவ்வாமை உண்டா என அறிய, 15 முதல் 20 நிமிடத்தில் விடை.
ஒட்டுச் சோதனை: தோலில் படும் பொருளால் அழற்சி உண்டா என அறிய, 2 நாள் கழித்தும், மீண்டும் ஓரிரு நாள் கழித்தும் விடை.
மாந்தூ சோதனை: காசநோய்க் கிருமித் தொற்றை அறிய, 2 முதல் 3 நாளில் விடை.
லெப்ரோமின் சோதனை: தொழுநோய்க் கிருமிக்கு எதிரான ஆற்றலை அறிய, 3 முதல் 4 வாரத்தில் விடை.

பாப்பாரப்பட்டி

லெப்ரோமின் சோதனை மருத்துவ இதழ்களில் பேசப்பட்ட அதே ஆண்டுகளில் சிவா தமிழகத்துச் சாலைகளில் நடந்துகொண்டிருந்தார். 1921இல் அவர் மீண்டும் சிறைப்பட்டார். உடல்நிலை மிகவும் சீர்குலைந்தமையால் 1922இல் விடுவிக்கப்பட்டார். தம் வாழ்வின் எஞ்சிய நாள்களைக் கழிக்க அவர் தேர்ந்த இடம் பாப்பாரப்பட்டி. தருமபுரி நகருக்கு வடமேற்கே அமைந்த இவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தருமபுரி 1965இல் தனி மாவட்டம் ஆயிற்று.

அவ்வூரில் அன்பர்களின் துணையோடு நிலம் பெற்றுப் பாரத ஆசிரமத்தை நிறுவினார். தொழுநோய் கண்டவருக்குக் குடியிருக்க இடமும் மறுத்த காலம் அது. ஊரை விட்டு ஒதுங்கி வாழ்வதே பலருக்கு விதியாயிற்று. பாப்பாரப்பட்டி மக்கள் சிவாவைத் தம்மிடையே ஏற்றுக்கொண்டனர். நுண்ணோக்கியும் சோதனைச் சாறும் அவர்களிடம் இல்லை; ஒரு மனிதரின் தகுதியை அவருடைய தோலைக் கொண்டு அளக்கலாகாது என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

சாதி சமய வேறுபாடின்றி எல்லாரும் வழிபடத்தக்க பாரத மாதா ஆலயம் ஒன்றை அங்கே எழுப்ப வேண்டும் என்பது சிவாவின் பெருங்கனவு. 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பாப்பாரப்பட்டிக்கு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் திருப்பணிக்குப் பொருள் திரட்டச் சிவா மீண்டும் பயணம் மேற்கொண்டார். ரயில் அவருக்கு இல்லை. வண்டியும் காலுமே துணை. ஒவ்வோர் ஊரிலும் பேசினார். பாடல்களாலும் நாடகங்களாலும் மக்களைத் தட்டியெழுப்பினார். உடல் நலிய நலியப் பயணம் நீண்டது.

1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நோய் முற்றிய நிலையில் அவர் பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினார். ஜூலை 23ஆம் நாள் தாம் நிறுவிய ஆசிரமத்தில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயதுகூட நிறையவில்லை. அவர் விரும்பிய ஆலயம் அவர் காலத்தில் எழவில்லை.

காலம் தந்த விடை

சிவா மறைந்து இருபது ஆண்டுகளுக்குள் தொழுநோய்க்கு மருந்து கிடைத்தது. சல்போன் வகை மருந்துகள் 1940களில் பயனுக்கு வந்தன. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், டாப்சோன் மருந்தினை நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். 1980களின் தொடக்கத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று அம்மருந்துகள் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கிருமி குறைந்தோர் ஆறு மாதமும் மிகுந்தோர் ஓராண்டும் உண்டால் நோய் நீங்கும். மருந்து உண்ணத் தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குப் பரவும் வாய்ப்பு அற்றுப்போகிறது. மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே அமைந்துள்ளது.

தொடக்கநிலையில் இந்நோயை அறியப் பெருங்கருவி எதுவும் வேண்டா. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அதில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஐயுற வேண்டும். நோயாளி கண்ணை மூடியிருக்க, மருத்துவப் பணியாளர் பஞ்சுத் திரியால் அத்தேமலை மெல்லத் தொடுவார். தொட்டது தெரியவில்லையெனில் அதுவே முதல் அறிகுறி. அந்நிலையிலேயே மருந்து உண்டால் கைகால்கள் சிதையா.

2005ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் நோயுற்றோர் எண்ணிக்கை பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவிற்கும் கீழே குறைந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டமோ 2016ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. மருந்து கிடைத்த பின்னரும், நோய் பெருமளவு குறைந்த பின்னரும், பல்லாண்டுகள் அச்சட்டம் ஏட்டில் நின்றது. கிருமியைக் காட்டிலும் அச்சம் நீண்டநாள் வாழும் என்பதற்கு இதுவே சான்று.

பாப்பாரப்பட்டியில் இன்று சிவாவின் நினைவிடம் அமைந்துள்ளது. அவர் கனவு கண்ட பாரத மாதாவுக்கு நினைவாலயமும் அங்கே எழுந்துள்ளது. திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாட்டின் அடிமைத்தனத்தை எதிர்த்து அவர் நிகழ்த்திய போரை வரலாறு போற்றுகிறது. அப்போருக்கு இணையாக, தம் உடலைக் கண்டு விலகிய உலகின் நடுவே அஞ்சாமல் நடந்து மற்றொரு போரையும் அவர் நிகழ்த்தினார்.

நம் வகுப்பில் ஒருவர் ஓயாமல் தும்மலாம். ஒருவரின் கையில் தேமல் தோன்றலாம். ஒருவரின் தோல் தடித்துச் சிவக்கலாம். அவரை விட்டு இருக்கை மாறி அமர்வது எளிது. அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எதனால் வந்தது என்று கேட்டறிவது அதைவிடச் சற்றே கடினம். நோயைச் சோதித்து அறியும் வசதி இன்று வட்ட மருத்துவமனை வரையில் வந்துவிட்டது. சிவாவின் காலத்தில் ரயில் வண்டிக்கு வெளியே நின்ற அந்த அறிவை நாம் உள்ளே அழைத்து அமர்த்தினால், நோயுற்றவர் எவரும் தனித்து நடக்க வேண்டிவராது.